நிற்காத ஹேண்ட் பிரேக்கும் வாரண்டி அட்டையும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

பிரேக் என்றதும் நம் மாணவ நண்பர்கள் டிஸ்க், டிரம், ஏ.பி.எஸ். என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள். பார்க்கிங் பிரேக்கைப் பற்றிக் கேட்டால் 'கேபிள் இழுக்கும், ஷூ விரியும், வண்டி நிற்கும்' என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அந்த மூன்றாவது வார்த்தை சில சமயம் நடக்காது என்பதை எங்கள் வீட்டு ஆட்டோதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அப்பா பல்லாவரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு டியூவில் புது வண்டி எடுத்தோம். மூன்றாம் மாதம், திரிசூலம் மலையடிவாரப் பக்கம் ஒரு சரிவான தெருவில் சவாரியை இறக்கிவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக் கொடுக்க அப்பா இறங்கியிருக்கிறார். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஒரு இளநீர் வண்டியில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. இளநீருக்குக் காசு கொடுத்தாயிற்று. ஆனால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் முன்னால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போனார்களாம். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு அரைச்செங்கல் குடியேறியது. எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். "கேபிள் புதுசுல கொஞ்சம் நீளும் அண்ணே, டைட் வெச்சா சரியாப் போயிடும்" என்று நட்டை முறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாள் நின்றது, பிறகு பழைய கதை. மறுபடி போனோம், மறுபடி முறுக்கினார்கள். மூன்றாவது தடவை போனபோது பின் டிரம் இரண்டும் கை வைக்க முடியாத சூடு. கழற்றிப் பார்த்தால் லைனர் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கருகியிருந்தது. "லைனர் தேயற பொருள், வாரண்டியில வராது" என்று 1,150 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். அப்பா கட்டிவிட்டு வந்தார். நான்காவது தடவை வண்டி நழுவியபோதுதான் இதை நாமே பார்த்துவிடுவது என்று நான் உட்கார்ந்தேன்.

முதலில் எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போடுவோம். பார்க்கிங் பிரேக் சோதனைக்கு ஐ.நா.வின் 78ஆம் எண் வாகன விதி சொல்வது, நூற்றுக்கு 18 சரிவில் 5 நிமிடம் வண்டி நகராமல் நிற்க வேண்டும். அதாவது 100 அடி போனால் 18 அடி ஏறுகிற சரிவு. கோணம் சுமார் 10 டிகிரி, சைன் மதிப்பு 0.177. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 650 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இழுக்கும் விசை 650 × 9.81 × 0.177, ஏறக்குறைய 1,130 நியூட்டன். டயரின் ஆரம் 20 செ.மீ. என்றால் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து 226 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத் தாங்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 113.

இந்த விசை டிரைவரின் கையிலிருந்துதான் வர வேண்டும். கால் பிரேக்கில் ஆயில் இருக்கிறது, பாஸ்கல் விதி இருக்கிறது, எல்லாச் சக்கரத்துக்கும் அழுத்தம் சமமாகப் போய்ச் சேரும். பார்க்கிங் பிரேக்கில் லீவரும் கம்பியும் மட்டும்தான். கை 200 நியூட்டன் இழுக்கிறது, லீவர் அதை 5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 1,000 நியூட்டன். அது இரண்டு கேபிளாகப் பிரிந்து ஆளுக்கு 500. டிரம்முக்குள்ளே அந்த 113ஐப் பிடிக்கக் கேபிள் முனையில் 300 நியூட்டன் போதும் என்றால், 500 தாராளம்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் கேபிளின் இந்த முனையில் கொடுத்தது அந்த முனையில் முழுசாகப் போய்ச் சேராது. வழியில் வளைவு இருக்கிறது. வளைவில் இன்னர் கம்பி அவுட்டரின் சுவரில் உரசுகிறது. இரண்டாம் ஆண்டில் பெல்ட் டிரைவ் படிக்கும்போது இறுக்கப் பக்கம், தளர்ந்த பக்கம் என்று ஒரு சூத்திரம் போட்டோமே, அதேதான் இங்கேயும். இழுவிசை விகிதம் என்பது 2.718இன் அடுக்காக உராய்வுக் கெழு பெருக்கல் வளைவுக் கோணம். கோணத்தை ரேடியனில் போட வேண்டும். கிணற்றில் வாளி இறக்குகிறவர்கள் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த உபாயம்தான் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

கேபிளின் வழியில் மொத்தம் 180 டிகிரி வளைவு, உராய்வுக் கெழு 0.1 என்றால் அடுத்த முனைக்குப் போய்ச் சேருவது நூற்றுக்கு 73. நமது 500இல் 365 நியூட்டன். பிரேக் பிடிக்கும். அதே கேபிளில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்துக் கெழு 0.3 ஆனால் போய்ச் சேருவது நூற்றுக்கு 39 மட்டும். 195 நியூட்டன். நிற்காது. இங்கே கவனிக்க வேண்டியது, நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இந்த 39 ஒரு புள்ளிகூட ஏறாது. முறுக்கினால் போவது தொய்வு, உராய்வு அல்ல. தொய்வு போனதால் லீவர் இரண்டு பல் முன்னாடியே கட்டியாகிறது, 'நல்லாப் பிடிக்குது' என்று கைக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு தீங்கும் உண்டு. லீவரை விடும்போது ஷூவைப் பழைய இடத்துக்குக் கொண்டு போவது ஒரு சின்ன ஸ்பிரிங். உராய்வு அதையும் தடுக்கும். தொய்வும் இல்லாமல் முறுக்கி வைத்திருந்தால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். சூடு ஏறும், லைனர் கருகிக் கண்ணாடியாகும், மைலேஜ் விழும், கடைசியில் பிரேக் முன்னைவிட மோசமாகும். எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். லைனர் தானாகத் தேயவில்லை, தப்பாகச் சரி செய்ததால் கெட்டது. ஆனால் பில் எங்கள் பேரில்.

சரி, கேபிள்தான் குற்றவாளி என்று எப்படி நிச்சயம் செய்வது? லைனரில் ஆயில் கசிந்திருந்தாலும் நழுவும், ராட்செட் பல் மழுங்கினாலும் லீவர் தானாக இறங்கும். இந்த இரண்டையும் முதலில் கண்ணால் பார்த்துக் கழித்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் டிரம் காய்ந்துதான் இருந்தது, பல்லும் கூராக இருந்தது. பிறகு லேபில் சாரிடம் கேட்டு இரண்டு வில் தராசு வாங்கி வந்தேன். கேபிளை வண்டியிலிருந்து உருவாமல், அதன் வழியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு முனையை மட்டும் கழற்றி ஆளுக்கொரு தராசு மாட்டினோம். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நான் மறு முனையை இழுத்தேன். இந்தப் பக்கம் 20 கிலோ காட்டும்போது அந்தப் பக்கம் 8 கிலோ. ஸ்டாண்டில் அதே மாடல் வைத்திருக்கிற ஒரு அண்ணனின் வண்டியில் அதே மாதிரி செய்தோம். 20க்குப் பதினாலரை. அவருடைய வண்டி எங்களுடையதைவிட ஒரு வருடம் மூத்தது!

இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அந்த அண்ணனின் வண்டியில் கேபிள் ஒரு பிராக்கெட்டுக்கு மேலாகப் போய்ச் சேசிஸில் ஒரு கிளிப்பில் உட்கார்ந்து நிதானமாக வளைந்தது. எங்கள் வண்டியில் பிராக்கெட்டுக்குக் கீழே நுழைந்து மேலே ஏறி மறுபடி இறங்கியது. வளைவு இரட்டிப்பு. 360 டிகிரி வளைவும் கொஞ்சம் துருவும் சேர்ந்தால், கெழு 0.15 என்றாலே போய்ச் சேருவது நூற்றுக்கு 39தான். தராசு காட்டிய 8க்கும் இதற்கும் பொருந்திப் போகிறது. அந்தக் கிளிப்பைக் காணோம். ஒருவேளை ஓட்டத்தில் கழன்று விழுந்திருக்கலாமே? டார்ச் அடித்துத் துளையைப் பார்த்தேன். கம்பெனி பெயின்ட் துளைக்குள்ளே அப்படியே இருந்தது, ஸ்க்ரூ ஏறிய கீறல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கிளிப்பை யாரும் மாட்டவே இல்லை. இதைத்தான் போட்டோ எடுத்து வைத்தோம். நண்பர்களே, வாரண்டிக்குச் சண்டை போடுகிறவனுக்கு நூறு வார்த்தையைவிட அந்தத் துளை பெரிய சாட்சி. தேய்மானம் என்றால் தேய்ந்த தடம் இருக்க வேண்டும், இங்கே மாட்டிய தடமே இல்லையே.

இனி வாரண்டி. அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதில் கேபிள், லைனர், ரப்பர் பாகங்கள் நீங்கலாக என்று பொடி எழுத்தில் இருந்தது. சாதாரணமாகத் தேய்வதற்கு அது சரி. வண்டியைப் பூட்டும்போதே நேர்ந்த தப்பால் கெட்டதற்கு அதையே காட்டுவது சரியில்லை. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குகிறவர் சொன்ன உபயோகத்துக்குப் பொருள் லாயக்காக இருக்க வேண்டும் என்பதைச் சில சூழ்நிலைகளில் அட்டையில் எழுதாமலே நிபந்தனையாக ஏற்றுக்கொள்கிறது. நிறுத்தினால் நிற்பதைவிட ஒரு வண்டிக்கு வேறென்ன லாயக்கு?

'ஆட்டோ தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் சட்டம் உனக்குச் செல்லாது' என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். இது தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று அதே இடத்தில் விளக்கமும் இருக்கிறது. இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1995இலேயே பேசிவிட்டது. அந்த வழக்கு நம் துறைக்கும் நெருக்கமானது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற கம்பெனி, கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய கடைசல் இயந்திரத்தில் குறை என்று வழக்குப் போட்டது. வணிக நோக்கம் என்று சொல்லிக் கம்பெனிக்கு நுகர்வோர் சட்டத்தில் வழியில்லை என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில், ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான் என்றும், வாங்கி முழுக்க வேறொருவரிடம் ஓட்டக் கொடுக்கிறவர் அப்படி அல்ல என்றும் உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். எங்கோ டில்லியில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது எனக்கு.

கேட்பதற்கும் ஒரு அளவு உண்டு. 'புது வண்டியே மாற்றித் தா' என்று குதிப்பதில் பலன் குறைவு. மாருதி உத்யோக் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் சொல்லியிருப்பது குறைபட்ட பாகத்தை மாற்றுவதுதான், அதற்கு முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்த்தது. ஆகவே நாங்கள் கேட்டது கேபிள் இரண்டு, கிளிப், லைனர், கட்டிய பில் பணம். பல்லாவரத்தில் குடியிருப்பவர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், கம்பெனி இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் பதியலாம். ஒரே பழுது பல வண்டியில் வந்தால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அரசே கம்பெனியைத் திரும்பப் பெறச் சொல்லலாம். பெரிய கம்பெனிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2017இல் டெஸ்லா சுமார் 53,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பார்க்கிங் பிரேக்குக்குள் இருந்த ஒரு சின்னப் பல்சக்கரம்.

இவ்வளவும் படித்த பிறகுதான் கடிதம் எழுதினேன். திட்டவில்லை. வண்டி எடுத்த தேதி, நான்கு ஜாப் கார்டின் எண்ணும் தேதியும், தராசில் கண்ட அளவு, துளையின் போட்டோ. டீலருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று ஸ்பீடு போஸ்ட்டில். ஜாப் கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு தடவை 'ஜெனரல் செக்கப்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். 'ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை' என்று நம் வாயால் சொன்னதை அவர்கள் கையால் எழுத வைக்காவிட்டால், அந்தப் புகார் நடந்ததற்கு அடையாளமே இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் இந்தத் தடவை அப்பாவை "உட்காருங்க சார்" என்றார். கேபிள் இரண்டும் புதுசு, கிளிப் மாட்டினார்கள், லைனரும் மாற்றினார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் ஜாப் கார்டில் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியிருந்தது. "வாரண்டின்னு எழுதுங்க சார்" என்றேன். வாரண்டி என்றால் தப்பு அவர்களுடையது, நல்லெண்ணம் என்றால் தயவு அவர்களுடையது. கட்டிய 1,150ஐத் திரும்பக் கேட்கவும் அந்த வார்த்தைதான் ஆதாரம். அவர் மேலே கேட்க வேண்டும், இரண்டு நாள் வண்டி இருக்கட்டும் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை நாள். வாரத்திலேயே சவாரி அதிகம் கிடைக்கிற நாள். ஏற்கெனவே இந்த அலைச்சலில் பதினோரு நாள் வருமானம் போயிருந்தது. "விடுடா தம்பி, வண்டி நிக்குதில்ல" என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்து அதே மலையடிவாரத் தெருவில் நிறுத்தி, நான்கு பேர் ஏறி உட்கார்ந்து, கடிகாரம் பார்த்தோம். 5 நிமிடம், அங்குலம் நகரவில்லை. தராசிலும் 20க்கு 15 கிலோ வந்தது. பில் பணத்துக்காக இரண்டாவது கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை.