கண்டியில் கூரை போடுவதற்கு முன்

வெளிநாட்டு வீட்டுப் படங்களைக் காட்டி, "சிங்கிள்ஸ் போடலாமா, சிலேட்டுக் கல் போடலாமா?" என்று கேட்பவர்கள் பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இப்போது கூடிவிட்டார்கள். கண்டியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. அது முடிவதற்குள் வடகீழ்ப் பருவமழை. இந்த மழைக்கு நிற்பது நல்ல சாய்வும் நல்ல மரமும்தான். மேலே எதைப் போடுவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

1. சாய்வை முதலில் முடிவு செய்யுங்கள். கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு 30 பாகை நல்ல சாய்வு. சுவரிலிருந்து முகட்டை நோக்கிக் கிடையாகப் போகும் ஒவ்வோர் அடிக்கும் 7 அங்குலம் உயர வேண்டும். 24 அடி அகல வீடென்றால், முகடு சுவர் மட்டத்திலிருந்து 7 அடி மேலே நிற்கும். சாய்வு மிகக் குறைந்தால், காற்றோடு அடிக்கும் மழை ஓட்டின் மடிப்புக்குள் ஏறிவிடும். எந்தப் பூச்சும் அதை நிறுத்தாது. உடுநுவரவில் உள்ள எம்பெக்கே தேவாலயத்துக்கு உங்கள் ஓடாவியையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில் அது. அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆணியில் கோத்திருக்கிறார்கள். செங்குத்தான சாய்வு, சுவரை நனையவிடாத நீண்ட தாழ்வாரம் இரண்டையும் கண்ணால் பார்த்தால், வீட்டுப் படம் வரையும்போது பேச்சு சுலபமாகும்.

2. சுவர் எழும்பி, சாய்வைக் கூட்ட வழியில்லை என்றால் ஓட்டு ஆசையை விட்டுவிடுங்கள். நிறம் பூசிய உலோகத் தகடு போடலாம். ஆனால் அதன் கீழே வெப்பம் தடுக்கும் விரிப்பும் சீலிங்கும் கட்டாயம். தகரத்தின் மேல் மழை விழும்போது பேச்சே கேட்காது என்பது லயன் அறையில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

3. பழைய அஸ்பெஸ்டோஸ் சீற்றைக் கழற்றிவிட்டு அதே மரத்தின் மேல் ஓடு போடாதீர்கள். ஓட்டுக் கூரை சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவில் வரும். நனைந்தால் இன்னும் கூடும். சீற்றின் பாரம் அதில் பாதிகூட இல்லை. பலா, கினிசப்பு, முற்றிய தென்னை ஆகியவற்றில் நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்து வாங்கி, கறையான் மருந்து பூசிய பிறகே ஏற்றுங்கள். ஓட்டை முதலில் வாங்கி, நாலைந்தைத் தரையில் கோத்து அளந்து பார்த்துவிட்டுச் சலாகை அடியுங்கள். ஆலைக்கு ஆலை ஓட்டின் அளவு மாறும்.

4. சிங்கிள்ஸ் என்பது கண்ணாடி நார் விரிப்பில் தார் ஏற்றி, மேலே கல்மணி ஒட்டிய தகடு. பாரம் குறைவு, வளைந்த கூரைக்கும் பொருந்தும். ஆனால் அதன் அடியில் கூரை முழுவதும் பலகை விரிக்க வேண்டும். எங்காவது ஒழுகினால் பலகை உள்ளுக்குள்ளேயே ஊறி அழுகும். கறை கீழே தெரியும்போது பாதி போயிருக்கும். நம் ஈரத்தில் மேலே கறுப்புப் பாசியும் படியும். முழு வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

5. சிலேட்டு உண்மையிலேயே நல்ல கல்தான். வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் கூரைகள் நூறு ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. ஆனால் நம் மலைப்பாறை அப்படி மெல்லிய தகடாகப் பிளக்காது. கல்லைக் கப்பலில் இறக்க வேண்டும், அதை அடிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும், ஒன்று உடைந்தால் மறுபடி இறக்க வேண்டும். அந்தத் தோற்றம் பிடித்தவர்களுக்குக் கண்டியின் சொந்தத் தட்டை ஓடு இருக்கிறது. கடையில் 'பெத்தி உளு' என்று கேளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்குவதால் பாரம் கூடும், கள்ளிக்கோட்டை ஓட்டைவிடச் செங்குத்தான சாய்வும் வேண்டும்.

6. தங்கொட்டுவ, வாய்க்கால் பக்கத்து ஓடுகள் நன்றாக இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சமதரையில் வைத்தால் ஆடக்கூடாது.

7. உடவத்தகலை காட்டை அண்டிய வீடுகளில் ஓட்டைக் கிளப்புவது குரங்குகள். ஓரத்து வரிசைகளையும் முகட்டை ஒட்டிய வரிசைகளையும் துருப்பிடிக்காத கம்பியால் சலாகையோடு கட்டிவிடுங்கள். கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டுங்கள். மரநாய் நுழையாதபடி தாழ்வார இடைவெளிக்கு வலை அடியுங்கள்.

8. பழைய அஸ்பெஸ்டோஸ் சீற்றை அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். எந்த வகை அஸ்பெஸ்டோஸ் தூசும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. 2018இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்த இலங்கை அரசு, அஸ்பெஸ்டோஸ் விற்கும் ரஷ்யா 2017 டிசெம்பரில் நம் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கியது. தோட்டத்து உழைப்பைப் பணயமாக வைத்து நடந்த அந்தப் பேரத்தை மறக்க முடியவில்லை. கழற்றத்தான் வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, முகமூடி அணிந்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். துண்டுகளை முற்றத்தில் போட்டு மிதிக்க வேண்டாம்.

9. கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்கும். அது பின்பக்கத்து மண்மேட்டில் ஊறினால் மண்சரிவுக்கு வழி. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். பீலியைப் 10 அடிக்கு அரை அங்குலமாவது சரித்து மாட்டுங்கள். குழாயைக் கொங்கிறீற்றுக் கானில் விடுங்கள், சரிவில் விடாதீர்கள். சரிவான காணியில் கட்டுவதற்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெறுங்கள். ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் பீலியில் அடைத்த இலையை அள்ளிவிடுங்கள். இல்லையென்றால் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

10. வாங்கும்போதே நூறில் ஐந்து ஓட்டைக் கூடுதலாக வாங்கி, சுவரோரம் நிறுத்தி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே அச்சு கிடைக்காமல் போகலாம்.