பருவந் தவறிய சுழற்காற்றும் அதைக் கண்காணித்த தொண்டர்களும்

உரிய காலத்தில் வரும் காற்றுக்கும் மழைக்கும் குடியானவன் ஆயத்தமாகவே இருக்கிறான். வைக்கோற்போரை மூடுவதும், கொட்டகைக்கு முட்டுக் கொடுப்பதும், வரப்பை உயர்த்துவதும் பருவமறிந்து செய்யப்படும் வேலைகளாம். பருவங் கடந்து, எவரும் எதிர்பாராத நாளில் வரும் காற்றே அவனுக்குப் பெருநஷ்டத்தை விளைவிப்பது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுச் சமவெளிகளில் 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ந் தேதி அத்தகைய காற்று வீசியது. அந்நாட்டுக் கணக்கின்படி குளிர்காலம் டிசம்பர் 21-ந் தேதியை ஒட்டியே பிறக்கிறதாகையால், அது இலையுதிர்காலத்தின் கடைசி வாரமாகும். தமிழ்க் கணக்கில் கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் தறுவாய்.

அன்று நூற்றுக்கு மேற்பட்ட சுழற்காற்றுகள் ஒரே பிற்பகலிலும் இரவிலும் தோன்றின. அவற்றை முன்னறிந்து கூறியதில் இயந்திரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் இயந்திரத்தின் பார்வை எட்டாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைத் தெரிவித்தவர்கள், சம்பளமின்றி வானத்தை நோக்கும் சாதாரண ஜனங்களே. அவர்கள் கையாளும் முறை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்து கொள்ளத் தக்கது.

சுழற்காற்று என்பது யாது?

ஆங்கிலத்தில் டோர்னாடோ எனப்படும் இக்காற்றும், இந்நாட்டுக் கீழ்க்கரையில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அடிக்கும் புயலும் ஒன்றல்ல. கடற்புயல் நூற்றுக்கணக்கான மைல் விரிந்தது. கடலில் உண்டாகிப் பல நாள் நீடிப்பது. டோர்னாடோ என்பதோ இடிமேகத்தின் அடியினின்றும் தரைமட்டும் இறங்கிச் சுழலும் காற்றுத் தூணாகும். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு கஜங்களுக்குள் அடங்கும். அதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிஷங்களே. ஆனால் அது செல்லும் பாதையில் அகப்பட்ட வீடும் மரமும் நிலைப்பதரிது. பக்கத்து வீடு ஓடு கலையாமல் நிற்கவும் கூடும்.

இதன் வலிமையைப் பேராசிரியர் பூஜிதா என்பவர் 1971-ல் வகுத்த அளவின் திருத்திய வடிவத்தைக் கொண்டு 0 முதல் 5 வரை தரம் பிரிப்பர். திருத்திய அளவு 2007 முதல் அந்நாட்டில் வழங்கி வருகிறது. காற்றை நேரே அளந்து இத்தரம் இடப்படுவதில்லை. காற்று ஓய்ந்த பின்னர் இடிந்த சுவரையும் முறிந்த மரத்தையும் நேரிற் பார்த்து இடப்படுகிறது.

பருவந் தவறியதன் காரணம்

அந்நாட்டில் சுழற்காற்று மிகுந்து வரும் மாதங்கள் ஏப்ரல், மே, ஜூன் ஆகியவை. இதற்கு இரண்டு ஏதுக்கள் கூடவேண்டும். ஒன்று, தெற்கேயுள்ள மெக்சிகோ வளைகுடாவினின்றும் தரையை ஒட்டி வரும் வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று. மற்றொன்று, உயரே செல்லச் செல்லத் திசையும் வேகமும் மாறி வீசும் வன்மையான மேற்காற்று. கோடையில் ஈரம் உண்டு, மேற்காற்று தளர்ந்திருக்கும். டிசம்பரில் மேற்காற்று வன்மையுடன் வீசும். வடபுலத்துச் சமவெளிகளில் ஈரமும் வெப்பமும் இரா. வசந்தத்தில் இரண்டும் சந்திக்கின்றன. ஆகவேதான் அது பருவமாகிறது.

2021 டிசம்பர் 15-ந் தேதியன்று இவ்விதிக்கு மாறாக ஈரக்காற்று வெகுதூரம் வடக்கே ஏறிவிட்டது. ஐயோவா மாகாணத்துத் தலைநகராகிய டி மொயினில் வெப்பம் 74 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியது. டிசம்பர் மாதத்தில் அந்நகரில் அதற்கு முன் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. அதே வேளையில் மேற்கேயிருந்து மிக வலிய தாழ்வழுத்த மண்டலம் ஒன்று விரைந்து வந்தது. வசந்தத்துக்குரிய இரண்டு ஏதுக்களும் மார்கழி வாசலில் கூடின.

அன்றைய நிகழ்ச்சி

முதலில் பாதிக்கப்பட்டவை மேற்கிலுள்ள வறண்ட சமவெளிகள். கொலராடோவின் லாமார் என்னும் ஊரில் மணிக்கு 107 மைல் வேகமும், கான்சாஸின் ரஸல் என்னும் ஊரில் 100 மைல் வேகமும் பதிவாயின. அங்கு மழையில்லை, புழுதியே எழுந்து பகலை மறைத்தது. பெருஞ்சாலைகள் மூடப்பட்டன. கான்சாஸில் காய்ந்த புல்வெளிகளில் தீப்பற்றி ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. கால்நடைகளும், போரிட்டு வைத்த உலர்புல்லும், மைல்கணக்கான வேலிகளும் அழிந்தன. மனித உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

பிற்பகலில் நெப்ராஸ்காவில் இடிமேகங்கள் ஒரு நீண்ட வரிசையாகத் திரண்டன. பொழுது சாயும் வேளையில் அவ்வரிசை ஐயோவாவைக் கடந்தது; இருட்டிய பின் மினசோட்டா, விஸ்கான்சின் மாகாணங்களில் புகுந்தது. ஐயோவாவில் மாத்திரம் சுமார் 60 சுழற்காற்றுகள் கணக்கிடப்பட்டன. மினசோட்டாவின் ஹார்ட்லண்டு என்னும் சிற்றூரைத் தாக்கியது, அம்மாகாணத்தில் டிசம்பர் மாதத்தில் பதிவான முதற் சுழற்காற்றாகும். அதற்கு முன், ஆண்டின் கடைசிப் பகுதியில் அங்கு மிகப் பிந்தி வந்தது 1931-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி வந்ததே. விஸ்கான்சினில் ஸ்டான்லி என்னும் ஊரும் சேதமுற்றது.

ஜனங்கள் இதற்குச் செவிசாய்த்ததற்கு ஒரு துக்ககரமான காரணமும் இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் டிசம்பர் 10-ந் தேதி இரவு வேறொரு சுழற்காற்றுத் தொகுதி கென்டக்கி மாகாணத்து மேபீல்டு நகரைப் பாழாக்கிப் பலரைக் கொன்றிருந்தது. பருவமில்லையே என்று அசட்டையாய் இருத்தலாகாது என்பதை நாட்டவர் அப்போதே கண்டுகொண்டனர்.

ரேடாரின் எல்லை

ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்னறிவிப்பு நிலையம் இன்ன பிரதேசத்தில் அபாயம் உண்டு என்று முன்கூட்டி அறிவிக்கும். பின்னர் அந்தந்த வட்டாரத்து வானிலை அலுவலகம் டாப்ளர் ரேடாரை நோக்கி, இன்ன ஊரார் உடனே பதுங்கவேண்டும் என்று எச்சரிக்கும். இம்முறை பெரிதும் பயன்படுவது. ஆயினும் ரேடாருக்கும் எல்லையுண்டு.

ரேடார்க் கதிர் சற்றே மேல்நோக்கிச் செலுத்தப்படுகிறது, பூமியோ உருண்டையானது. ஆகையால் தூரம் செல்லச் செல்லக் கதிர் தரையினின்றும் உயர்ந்துவிடுகிறது. 60 மைல் தொலைவில் மிகத் தாழ்ந்த கதிரும் சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பதை ரேடார் காணாது. குளிர்காலத்து மேகங்கள் உயரங் குறைந்தவை. அவற்றின் சுழலும் தாழ்ந்தது. வரிசை மேகத்தில் எழும் சுழற்காற்று ரேடார் ஒருமுறை நோக்கி மறுமுறை நோக்குவதற்குள் தோன்றி மறைந்துவிடவும் கூடும். இந்த இடைவெளியை நிரப்புவது மனிதனின் கண்ணே.

தொண்டர் பார்வையாளர்

வானத்தை நோக்கும் பழக்கத்தை முறைப்படுத்தி, அந்நாட்டு வானிலை இலாகா "ஸ்கைவார்ன்" என்னும் தொண்டர் திட்டமொன்றை நடத்தி வருகிறது. இதில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றுள்ளனர். பண்ணைக்காரர், உபாத்தியாயர், தீயணைப்போர், கம்பியில்லா ஒலிபரப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் முதலிய பலர் இதில் உளர். பயிற்சி சில மணி நேரமே. மேகத்தின் எப்பகுதியைக் கவனிப்பது, சுழலும் மேகத்தையும் வெறுமனே தொங்கும் மேகத்துண்டையும் எவ்விதம் வேறுபடுத்துவது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்பவை அதில் கற்பிக்கப்படுகின்றன.

இவர்களல்லாமல் புயலைத் தேடிச் செல்லும் ஆர்வலர்களும் உண்டு. வட டகோட்டாவில் 1956 முதல் இவ்விதம் சென்றவராகிய டேவிட் ஹோட்லி இவர்களுள் முன்னோடி. அவர் 1977-ல் "ஸ்டார்ம் டிராக்" என்னும் பத்திரிகையையும் தொடங்கினார். 1973 மே 24-ந் தேதி ஓக்லஹோமாவின் யூனியன் ஸிடி என்னும் ஊரில் ஒரு சுழற்காற்றை, தரையிற் சென்ற குழுவினர் படம் பிடிக்க, டாப்ளர் ரேடாரும் அதையே நோக்கியது. இரண்டையும் ஒப்பிட்டதனாலேயே சுழற்காற்றுக்கு முன் மேகத்தினுள் நிகழும் சுழலை ரேடாரில் அடையாளங் காணும் வழி தெளிவாயிற்று.

எனினும் தேடிச் செல்வது அபாயமற்ற காரியமன்று. 2013 மே 31-ந் தேதி ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 2.6 மைல் அகலத்துக்கு விரிந்த சுழற்காற்றில், மிகுந்த அனுபவமுள்ள ஆராய்ச்சியாளராகிய டிம் ஸமாராஸ், அவருடைய புதல்வர், உடன் சென்ற தோழர் ஆகிய மூவரும் உயிர் துறந்தனர். 2021 டிசம்பரிலோ மேகங்கள் மணிக்கு 60 முதல் 80 மைல் வேகத்திற் சென்றன. பொழுதும் விரைவில் இருட்டிவிட்டது. மோட்டாரில் துரத்துவோர் அவற்றை எட்டுவது அரிதாயிற்று. இருளில் எதிர்ப்படுவதோ உயிருக்கு ஆபத்து. இத்தகைய நாளில் பயன்படுபவர், முன்னரே தம் ஊரில் தக்க இடத்தில் நிலைகொண்டு, மேகம் தம்மைக் கடக்கையில் கண்டதைக் கூறிவிட்டுப் பதுங்கிக் கொள்பவரே. ஊருக்கொருவர் இருந்தால் துரத்த வேண்டுவதில்லை.

செய்தி கூறும் முறை

பயிற்சியில் மிகவும் வற்புறுத்தப்படுவது செய்தியின் ஒழுங்காகும். நல்ல செய்தியில் நான்கு அங்கங்கள் உண்டு: கண்டது யாது; கண்டவர் நின்ற இடம் எது; அங்கிருந்து எத்திசையில், எவ்வளவு தூரத்தில் அது தோன்றியது; கண்ட மணி என்ன. "பெருங்காற்று அடித்தது" என்பது செய்தியாகாது. "மாலை 5 மணி 10 நிமிஷத்துக்கு, ஊருக்கு வடக்கே ஒரு மைலில், ஓரடிப் பருமனுள்ள பச்சைமரம் வேரோடு சாய்ந்தது" என்பதே செய்தி. ஆலங்கட்டியை "பெரிது" என்னாமல், அளந்தோ யாவரும் அறிந்த நாணயம் அல்லது பந்தோடு ஒப்பிட்டோ கூறவேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைத் தாம் கண்டதாகக் கூறலாகாது.

இல்லை என்பதைத் தெரிவிப்பதும் அவ்வளவே முக்கியம். கொலராடோவின் போர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் எதிர்பாராத பெருவெள்ளம் வந்தது. நகரின் ஒரு பக்கத்தில் பேய்மழையும் மறுபக்கத்தில் சொற்ப மழையும் பெய்ததை உடனே அறிய வழியில்லாமற் போயிற்று. அதன் பயனாக 1998-ல் தொண்டர் மழைமானித் திட்டமொன்று அங்கே தொடங்கப்பட்டது. நாலங்குல வாயுள்ள மழைமானியைத் தோட்டத்தில் வைத்து நாள்தோறும் காலையில் அளப்பதே அவர்கள் வேலை. மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதவேண்டும் என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. பூஜ்யம் என்றால் பார்த்தார், மழையில்லை. வெற்றிடம் என்றால் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் கணக்கு எதற்கும் உதவாது.

டிசம்பர் 15-க்குப் பின் அலுவலர்கள் ஊர் ஊராய்ச் சென்று சேதத்தைப் பார்வையிட்டபோது இச்செய்திகளே அவர்களுக்கு வழிகாட்டின. மரங்கள் யாவும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் நேர்க்காற்று. ஒரு கோட்டை நோக்கி இருபுறமிருந்தும் குவிந்திருந்தால் சுழற்காற்று. பண்ணைக்காரர் முறிந்த மரங்களை அப்புறப்படுத்துமுன் படமெடுத்து வைத்திருந்தால் இவ்வேற்றுமை நிலைநாட்டப்படும். இன்றேல் அச்சாட்சியம் அழிந்தே போகும்.

பண்ணைகளுக்கு நேர்ந்தவை

2020 ஆகஸ்டு 10-ந் தேதி இதே ஐயோவாவில் வீசிய பெருங்காற்று, வயலில் நின்ற மக்காச்சோளத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் சாய்த்துவிட்டது. 2021 டிசம்பரில் அறுவடை முடிந்துவிட்டமையால் பயிர்நஷ்டம் சொற்பமே. நஷ்டமடைந்தவை கொட்டகைகளும், தானியக் குதிர்களும், மின்கம்பங்களுமாம். தகட்டினாற் செய்த பெருங்குதிர் நிறைந்திருந்தால் தன் பாரத்தால் நிற்கும். வெறுமையாயிருந்தால் காற்றில் நசுங்கி உருண்டுவிடும். மேற்குச் சமவெளியில் புழுதி எழுந்ததும் நிலத்தின் நிலையைப் பொறுத்ததே. அறுப்புத் தாளை விட்டுவைத்த வயலில் மண் பெயர்வது குறைவு. தாளின்றித் தூளாக உழுது கிடக்கும் வறண்ட வயலே காற்றுக்கு இரையாகும்.

கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றினின்றும் எந்நாட்டுக் கிராமத்தார்க்கும் பொருந்துவன பின்வருமாறு:

1. பருவம் கடந்துவிட்டது என்பதற்காக எச்சரிக்கையை அசட்டை செய்யலாகாது. காற்றுக்கு வேண்டிய ஏதுக்கள் கூடினால் மாதம் தடையாகாது.

2. மழைமானிக் கணக்கை ஒரே வேளையில் நாள்தோறும் எழுதவேண்டும். மழையில்லாத நாளில் பூஜ்யம் இடவேண்டும். ஒரு வாரத்துக்குச் சேர்த்து உத்தேசமாய் நிரப்புதல் தகாது.

3. காற்று, ஆலங்கட்டி, வெள்ளம் ஆகியவற்றைப்பற்றி எழுதும்போது மணி, இடம், திசை, அளவு நான்கையும் குறிக்கவேண்டும். கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதவேண்டும்.

4. சேதத்தைச் சீர்செய்யுமுன் சாய்ந்த மரங்களின் திசையைக் குறித்தோ படமெடுத்தோ வைக்கவேண்டும்.

5. வெறுங்குதிரையும் இலேசான கூரையையும் காற்றுக்காலம் முடிந்ததென்று கட்டவிழ்த்து விடலாகாது. அறுவடைக்குப்பின் தாளை நிலத்தில் விட்டுவைத்தல் மண்ணுக்குக் காவலாம்.

6. காற்றைப் பார்க்கும் ஆவலில் திறந்த வெளிக்கு ஓடலாகாது. செய்தி கூறுபவர் முதலில் தாம் பதுங்கும் இடத்தைத் தெரிந்துகொண்டே நிற்கவேண்டும்.

ஹார்ட்லண்டு போன்ற சிற்றூரில் ரேடார் நிலையம் இல்லை. வானத்தை நோக்கத் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் இருக்கக்கூடும். அவர் எழுதும் ஒரு வரி, மணியும் இடமும் பிழையின்றி இருக்குமாயின், அடுத்த ஊரார் பதுங்குவதற்குப் பத்து நிமிஷத்தைத் தேடிக் கொடுக்கும்.