துண்டுத் துணியில் ஒரு போர்வை



தையற்கடையில் இரவிக்கை தைத்து வாங்கும்போது மீந்த துணியையும் கேட்டு வாங்கி வருவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். அத்துணிகள் அலமாரியின் அடித்தட்டில் ஒரு மஞ்சட் பைக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். எறிய மனம் வாராது. பயன்படுத்தவும் வழி தோன்றாது. அவற்றைக் கொண்டு, குளிரில் உறங்கும் பிள்ளைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் முறையை இங்கே எழுதுகின்றேன். நான் தவறு செய்து கற்ற பாடம் இது. ஆதலின் தவற்றையே முதலில் சொல்லிவிடுகின்றேன்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பெண்கள் எண்மர் கூடிப் பன்னிரண்டு போர்வைகள் தைத்தோம். ஜவ்வாது மலையில் சிறுமியர் தங்கிப் பயிலும் விடுதி ஒன்றுக்கு அவற்றை அளித்தோம். மாலை, பொன்னாடை, புகைப்படம் யாவும் குறைவின்றி நடந்தேறின. அடுத்த மார்கழியில் அவ்வழியே சென்றபோது விடுதியினுள் எட்டிப் பார்த்தேன். குளியலறை வாயிலில் எங்கள் போர்வை ஒன்று கால்மிதியாகக் கிடந்தது. விடுதிக் காப்பாளர் அம்மையார் மிகவும் சங்கடப்பட்டார். "தவறாக எண்ணாதீர்கள் அம்மா, ஒரு முறைதான் துவைத்தோம்" என்று சொல்லி மற்றவற்றையும் எடுத்துக் காட்டினார்.

சிவப்புத் துணியின் சாயம் இறங்கி, மஞ்சளும் வெள்ளையும் கறைபட்டிருந்தன. புதுப் பருத்தித் துணி சுருங்க, அருகில் இருந்த பாலியெஸ்டர் சுருங்காது நிற்க, இரண்டிற்கும் இடையே தையல் பிரிந்திருந்தது. உள்ளே வைத்த இலவம்பஞ்சு நனைந்து, உருண்டை உருண்டையாகத் திரண்டு மூலைகளில் ஒதுங்கியிருந்தது. பன்னிரண்டில் ஒன்று மட்டும் கட்டிலின்மேல் இருந்தது. அது எங்களுள் மூத்தவரான, எண்பது கடந்த பாட்டியார் தைத்தது. அவர் பஞ்சே வைக்கவில்லை. பழம்புடவையை மடிப்பு மடிப்பாக இட்டு, நெருக்கமாகத் தைத்திருந்தார். தைக்கும் காலத்தில் "இவ்வளவு மெதுவாகவா?" என்று அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி.

கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. பலமுறை பாடம் கேட்டிருக்கிறேன். ஆயினும் 'பொருள்' என்ற சொல்லின்முன் நான் நின்று யோசித்தது அந்தக் குளியலறை வாயிலில்தான்.

இனி, முறைக்கு வருவோம். பருத்தித் துணி மட்டுமே கொள்க. ஐயமிருப்பின் ஓர் இழையை உருவித் தட்டின்மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணிபோல் திரளும். பட்டையும் கம்பளியையும் நாம் தொடவேண்டுவதில்லை. காரணத்தை இவ்விதழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதும் இல்லை. எல்லாத் துணிகளையும் முதலில் ஊறவைத்து, நிறவாரியாகத் துவைத்து, வெயிலில் காயவிடுக. கஞ்சி போய், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். நனைந்த துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டினால் மீண்டும் துவைக்கவேண்டும். மூன்று முறைக்குப் பின்னும் ஒட்டுமாயின், எவ்வளவு அழகிய துணியாயினும் விலக்கிவிடுக. உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பர். அதை நம்பிக் கெட்டவர்கள் நாங்கள்.

பழைய நாட்காட்டி அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதை அளவாக வைத்து 70 சதுரங்கள் வெட்டவேண்டும். வரிசைக்கு ஏழாகப் பத்து வரிசைகள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போக, ஏறத்தாழ மூன்றரை அடி அகலமும் ஐந்தடி நீளமும் உள்ள மேற்பரப்புக் கிடைக்கும். இணைப்பைத் தையற்பொறியில் செய்யலாம். கையால் தைப்போர் பின்தையல் இடுக.

உள்ளீட்டிற்கும் அடிப்புறத்திற்கும் பழைய நூற்புடவை ஒன்று போதும். ஆறு கஜம் என்பது 216 அங்குலம். 63 அங்குலத்தில் ஒரு துண்டும் 61 அங்குலத்தில் இரு துண்டுகளும் வெட்டினால் 31 அங்குலம் மீதமாகும். கொசுவம் தேய்ந்து நைந்த பகுதி அந்த மீதத்தில் போகுமாறு பார்த்து வெட்டுக. பெரிய துண்டை அடியில் விரித்து, சிறியவை இரண்டையும் அதன்மேல் இட்டு, எல்லாவற்றிற்கும் மேலே சதுரப் பரப்பை வைக்கவேண்டும். சுருக்கம் விழாதிருக்க முதலில் நீள நீளமாக நூலோட்டிக்கொள்ளுங்கள். பின்னர் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு விரற்கடைக்கு ஒரு வரிசையாக, இரட்டை நூலால் ஓட்டுத்தையல் இடுக. போர்வையின் உயிர் இத்தையலே. வங்காளத்துப் பெண்களின் கந்தா வேலையும் பழம்புடவை அடுக்குகளின்மேல் இடும் ஓட்டுத்தையலன்றி வேறில்லை. இறுதியில் அடித்துணியின் ஓரத்தை இருமுறை மடித்து மேலே கொணர்ந்து தைத்துவிட்டால் விளிம்பு பிரியாது. கண்ணாடி, மணி, ஜிகினா எதுவும் வேண்டா. உறங்கும் பிள்ளையின் கன்னத்தில் கீறும்.

நிறத்தைப்பற்றி ஒரு சொல். விடுதியில் எல்லாக் கட்டில்களிலும் ஒரே சாம்பல் நிறப் போர்வை. அங்கே ஒரு சிறுமிக்குத் தனக்கென்று இருக்கும் பொருள் மிகக் குறைவு. ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று தைக்காதீர்கள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்தரிப்பூ, அரக்கு என்று நம் பையில் இல்லாத நிறமா! வரிசைக்கு ஒரு மஞ்சளாவது இருக்கட்டும். கருநிறங்கள் அருகருகே விழவேண்டா. தைக்குமுன் தரையில் பரப்பி, எழுந்து நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மங்கிய இடம் தானே தெரியும். கருநாடகத்து வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்க வழிவந்தவர்கள், தம் போர்வையின் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ இல்லாத போர்வையை அவர்கள் முடிந்ததாகக் கருதுவதில்லை. அதைக் கேட்டபின் நாங்களும் வைக்கத் தொடங்கினோம்.

சென்ற ஆண்டு பன்னிரண்டையும் புதிதாகத் தைத்து முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. பாட்டியார் மேற்பார்வை. நாங்களே நான்கு முறை துவைத்துப் பார்த்த பின்னரே கொண்டுசென்றோம். இம்முறை மேடை இல்லை. கட்டில்களின்மேல் விரித்துவைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒன்றையும் எடுக்காமல் நின்றாள். ஏனென்று கேட்டேன். "ஊருக்குப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?" என்றாள். வேண்டா என்றதும், மயில்கழுத்து நிறம் மிகுந்திருந்ததை எடுத்துச் சதுரங்களை எண்ணினாள். எழுபதும் சரியாக இருந்தன. ஒவ்வொரு துணியும் யாருடையது என்று கேட்டாள்; எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

விடுதியில் இவ்வாண்டு மேலும் இருவர் சேர்ந்துள்ளனர். அவர்களுக்கான போர்வைகளில் ஒன்று முடிந்துவிட்டது. மற்றதில் 42 சதுரங்கள் இணைத்தாயிற்று, மஞ்சள்தான் போதவில்லை.