கருகல் வாடையும் கற்ற பாடமும்

ஐம்பொறிகளுள் நாம் மிகக் குறைவாக மதிப்பது மூக்கையே. கண் கண்டதை நம்புகிறோம். காது கேட்டதை ஊருக்கெல்லாம் சொல்கிறோம். மூக்கு ஒன்றைச் சொன்னால் மட்டும், "ஒன்றுமில்லை, வெளியிலிருந்து வருகிறது" என்று தள்ளிவிடுகிறோம். தொல்காப்பியர் உயிர்களை அறிவு வகையால் பகுத்தபோது, எறும்பையும் கரையானையும் மூவறிவு உயிர்கள் என்றார். ஊறும் சுவையும் போக, அவற்றிற்கு உள்ள மூன்றாம் அறிவு மூக்கறிவு. எறும்புக்கு எட்டிய அந்த அறிவு, பௌதிகத்தில் முதுகலை பயிலும் எனக்கு ஒரு மாலைப் பொழுதில் எட்டாமற் போயிற்று. அக்கதையையும், அதனால் நான் கற்ற சில உண்மைகளையும் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ந்தது

2024-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு நான்கு நாள் முன்பு, விடுதியின் பொது அறையில் பாட்டு ஒத்திகை நடந்தது. நம் சங்கத்திற்கென்று உள்ள இசைக்கருவி ஒன்றே ஒன்று. முன்னர் இங்குப் பயின்ற அண்ணன்மாரும் அக்காமாரும் தத்தம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிவைத்த மின்னணு இசைப்பெட்டி அது. வழக்கில் நாம் 'கீபோர்டு' என்கிறோம். அதன் அடாப்டரின் கம்பி அறுந்து போயிருந்தது. கடைக்குப் போக நேரமில்லை. என் அறையில் இருந்த வை-ஃபை ரூட்டரின் அடாப்டரை எடுத்து வந்து செருகிப் பார்த்தேன். துளையும் முனையும் அளவெடுத்துச் செய்தாற்போலப் பொருந்தின. பெட்டி பாடிற்று. "விஞ்ஞானி அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன கவலை!" என்று ஒருவர் சொல்ல, எனக்கும் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

கீபோர்டு வாசித்தவர் முதலாண்டு மாணவி ஒருவர். மூன்றாம் பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டு, "அண்ணா, ஏதோ தீய்ஞ்ச வாடை வருது" என்றார்.

"குளிருக்கு ஹீட்டர் போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதில் படிந்த தூசி. நீ வாசி அம்மா" என்றேன்.

அவர் வாசித்தார். ஐந்து நிமிடத்தில் ஓசை தானே நின்றது. எல்லோரும் பெட்டியைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். பத்து நிமிடம் சென்றபின், "இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே" என்று ஒருவர் சொன்னார். போட்டோம். பழையபடியே பாடிற்று! கை தட்டினோம். ஆனால் வாடை முன்னிலும் கடுமையாயிற்று. பெட்டியின் பின்புறத்திலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. நான் செயலற்று நிற்க, அந்த மாணவியே எழுந்து சென்று சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார்.

"எங்கப்பா இந்த ஊரில் இருபது வருஷமா இஸ்திரிக் கடை வச்சிருக்கார் அண்ணா. தூசி வாடை எது, கருகல் வாடை எதுன்னு எனக்குத் தெரியும். முதல்லயே சொன்னேனே" என்றார்.

எனக்கு விடை சொல்ல வாயில்லை.

காரணம் என்ன?

மறுநாள் கடைத்தெருவில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அவர் திருப்புளியைத் தொடும் முன்பே குனிந்து பெட்டியை முகர்ந்தார். "முதலில் மூக்கு, பிறகு மீட்டர்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். திறந்து காட்டியபோதுதான் நான் செய்த பிழை முழுவதும் எனக்கு விளங்கிற்று.

எங்கள் பெட்டிக்கு வேண்டியது 9 வோல்ட். ரூட்டரின் அடாப்டர் தந்ததோ 12 வோல்ட். மூன்று வோல்ட் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பெட்டிக்குள் இருக்கும் நுண்சில்லுகளுக்கு 5 வோல்ட்டே தேவை. வரும் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு சீராக்கி உள்ளது. எங்கள் பெட்டியைப் போன்ற பழைய அமைப்பில், மிகுதியான மின்னழுத்தம் முழுவதையும் அச்சீராக்கி வெப்பமாகவே மாற்றிக் கழிக்க வேண்டும். ஓடும் மின்னோட்டம் அரை ஆம்பியர் என்று கொள்வோம். 9 வோல்ட் வந்தால் கழிக்க வேண்டியது 4 வோல்ட். பிறக்கும் வெப்பம் 2 வாட். 12 வோல்ட் வந்தால் கழிக்க வேண்டியது 7 வோல்ட், வெப்பம் 3.5 வாட். அஃதாவது, வோல்ட் மூன்றில் ஒரு பங்கே கூடிற்று. வெப்பமோ ஒன்றே முக்கால் மடங்காயிற்று. நகத்தளவு உறுப்பு அதைத் தாங்குமா?

ஓசை தானே நின்றதற்கும் காரணம் இதுவே. இத்தகைய சீராக்கிகள் பலவற்றில், சூடு எல்லை மீறினால் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆறிய பின் அவை மீண்டும் இயங்கும். நாங்கள் "பிழைத்துக்கொண்டது" என்று கை தட்டினோமே, அது பிழைத்ததன் அடையாளமன்று. சற்று இளைப்பாறியதன் அடையாளம். இரண்டாம் முறை போட்டபோது சீராக்கியைச் சூழ்ந்த பலகை கருகிற்று. அருகிலிருந்த மின்தேக்கி ஒன்று வெப்பத்தால் தலை புடைத்துப் புகைந்தது. முதல் வாடையிலேயே நிறுத்தியிருந்தால் ஒன்றும் கெட்டிராது.

வாடையின் வகைகள்

கருகல் வாடை எல்லாம் ஒன்றன்று. பழுது பார்ப்போர் அதனைப் பிரித்தறிகின்றனர். நெடுநாள் மூடிவைத்த கருவியை எடுத்துப் போட்டவுடன் தூசி சூடேறி எழும் மெல்லிய வாடை சிறிது நேரத்தில் மறையும். மின்கம்பியின் மேலுறையான பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும். கண்ணும் தொண்டையும் எரியும். பழைய வகைப் பலகைகள் கருகினால் பினாயில் போன்ற மருத்துவமனை வாடை வீசும். சிலவகைப் பிளாஸ்டிக்குகளும் பிசின்களும் சூடேறினால், மீன் நாற்றம் போன்ற ஒன்று எழும். மீன் இல்லாத அறையில் மீன் நாற்றம் வந்தால் பிளக்குகளைத் தேடிப் பாருங்கள்.

ஆயினும், வாடையின் வகையைக் கண்டபின் அணைக்கலாம் என்று காத்திராதீர்கள். முதலில் அணைப்பது, ஆராய்ச்சி பிறகு. இப்புகைகள் நுரையீரலுக்கு ஆகாதவை. ஆதலால் மூக்கை அருகில் வைத்து ஆழ்ந்து முகர்வதும் தவறு.

செய்ய வேண்டியவை

ஒன்று: சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குக. கருவியின் பொத்தானை மட்டும் அணைத்தால் போதாது. அடாப்டருக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். உள்ளே பாட்டரிகள் இருப்பின், தொடக்கூடிய சூட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுக.

இரண்டு: சன்னலைத் திறந்து, துணி, காகிதம், மெத்தை முதலியவற்றை அப்பால் நகர்த்துக. தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றலாகாது. கார்பன் டை ஆக்ஸைடு அல்லது உலர்பொடித் தீயணைப்பான் விடுதி மாடியில் எங்கே தொங்குகிறது என்பதை இன்றே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தீ பெரிதானால் அறையை விட்டு வெளியேறி மற்றவர்களையும் எழுப்புவதே கடமை.

மூன்று: நன்றாக ஆறிய பின், வாடை அடாப்டரிலா, பெட்டியிலா, எக்ஸ்டென்ஷன் பெட்டியிலா என்று தனித்தனியே காண்க. எக்ஸ்டென்ஷன் பெட்டியை நாம் சந்தேகிப்பதே இல்லை. ஓம் 1827-இல் மின்தடையின் விதியை வெளியிட்டார். மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் பிறக்கிறது என்பதை ஜூல் 1841-இல் எடுத்துரைத்தார். இவை தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். செருகிய இடம் தளர்ந்து அங்கே ஓர் ஓம் தடை ஏற்பட்டால், அவ்விடத்தில் மட்டும் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 19 வாட். ஈயம் உருக்கும் சிறு சால்டரிங் இரும்பு 25 வாட். இரண்டுக்கும் அதிகத் தொலைவில்லை என்பதை உணர்க. இசைப்பெட்டி செருகியிருக்கும் பெட்டியிலேயே ஹீட்டரையும் செருகுவது நம் விடுதி வழக்கம். அவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்கு: அடாப்டரின் எழுத்துகளைப் பெட்டியின் எழுத்துகளோடு ஒப்பிடுக. வோல்ட் சரிசமமாக இருத்தல் வேண்டும். ஆம்பியர், பெட்டி கேட்பதற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கூடுதலாக இருந்தால் தீங்கில்லை, வேண்டிய அளவே பெட்டி எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, முனைகள். நடுவே ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஓர் அரைவளையமும் வரைந்து, கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்டிருப்பார்கள். நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்பதைக் காட்டுவது அப்படம். எங்கள் பெட்டியில் முனைகள் மாறாதிருந்தது என் அறிவினால் அன்று, நல்லூழினால்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கள் பெட்டி ஆறு பாட்டரிகள் ஏற்பது. ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். ஆகவே 9 வோல்ட் என்று கணக்கிடலாம். இக்கணக்கைப் பொது விதியாகக் கொள்ளலாகாது. ஆறு பாட்டரிகள் ஏற்கும் யமஹா கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட் அடாப்டரே உரியது. காஸியோவின் அண்மைக் கால கீபோர்டுகள் பல 9.5 வோல்ட் கேட்பவை. துளை ஒத்திருப்பதால் மின்சாரம் ஒத்துவிடாது. பெட்டியில் பொறித்த எழுத்தே சான்று.

ஐந்து: திறந்து பார்க்கும் ஆவலை அடக்குக. அடாப்டர் இன்றிச் சுவர் மின்சாரத்தை நேரே ஏற்கும் கருவிகளும் உண்டு. அவற்றுள் இருக்கும் மின்தேக்கி, 230 வோல்ட்டின் உச்ச அளவாகிய 325 வோல்ட் வரை ஏற்றம் பெற்றிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தங்கியிருக்கலாம். பௌதிகம் படித்தவன் என்ற துணிவு அங்கே உதவாது. அடாப்டரைத் திறப்பதும் அதுபோன்றதே.

ஆறு: "இன்னொரு முறை" என்ற சொல்லுக்கு இடம் கொடாதீர்கள். ஆறியபின் பாடுகிறதென்பது நலமாயிற்று என்பதற்குச் சான்றன்று. காரணம் கண்டு களைந்த பிறகே மீண்டும் மின்சாரம் கொடுத்தல் வேண்டும்.

முடிவுரை

முதியவர் சீராக்கியையும் இரண்டு மின்தேக்கிகளையும் மாற்றினார். அவ்வுறுப்புகளின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. ஆனால் கருகிய பலகைக்குக் கம்பியால் புதுவழி அமைக்க ஒரு வாரம் ஆயிற்று. பொங்கல் விழா, மிருதங்கமும் கைத்தாளமும் கொண்டே நடந்தேறியது. பத்து நாள் பழகிய பாட்டுகளை அந்த மாணவி வாசிக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூலியை நான் கொடுத்துவிட்டேன். அந்த மாலையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. விழா முடிந்து நடந்த சங்கக் கூட்டத்தில், அடாப்டரை மாற்றிச் செருகியதும், வாடை வருகிறதென்ற சொல்லைத் தள்ளியதும் நானே என்று எழுந்து சொன்னேன். அவர் சொன்ன சொல்லைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. பட்டம் அந்த நிமிடத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லிற்று. சோதியாமல் விடை கூறுதல் விஞ்ஞானமன்று.

கீபோர்டு இப்பொழுது சங்க அறையில் இருக்கிறது. அதற்குரிய அடாப்டரைக் கயிற்றால் அதனோடு கட்டி வைத்திருக்கிறோம். துளைக்கு மேலே ஒட்டியுள்ள தாளில், '9 வோல்ட் மட்டுமே. வாடை வந்தால் உடனே பிடுங்குக' என்று தமிழில் எழுதியிருக்கிறது. எழுதியவர் அந்த மாணவியே. வரும் பொங்கலில் அவர் வாசிக்க இருக்கிறார். அன்பர்கள் தவறாது வருக; வரும்போது அவரவர் அறையிலுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வருக.