ரிசல்ட் வந்தாச்சா? எதை ஒப்பிடணும்னு அக்கா சொல்றேன்

முதலில் அந்த எக்செல் ஷீட்டை மூடி வை. யாருக்கு எவ்வளவு எஸ்.ஏ.டி. மார்க், யாருக்கு என்ன விருது, யாருக்கு வில்லியம்ஸ் கிடைத்தது, யாருக்கு போமோனா கைவிரித்தது என்று தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்களுக்கு அப்ளை பண்ணின பிள்ளைகள் வருஷா வருஷம் மார்ச் கடைசியில் இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தூக்கம் கெடுவதுதான் மிச்சம். மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும், கையில் இருப்பது நாலைந்து வாரம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையும் இந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். அதனால் நேரா விஷயத்துக்கு வருகிறேன்.

1. அடுத்தவள் ரிசல்ட்டில் உன் காரணத்தைத் தேடாதே.

ஸ்வார்த்மோரையே எடுத்துக்கொள். 10,000 பேருக்கு மேல் அப்ளை பண்ணுகிறார்கள், வருஷத்துக்குச் சேருவது 400 சொச்சம் பேர். இந்த மாதிரி காலேஜ்களில் ஒரு பெரிய பங்கு சீட், கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று முன்னாலேயே அப்ளை பண்ணுகிற எர்லி டிசிஷனிலேயே, அதாவது டிசம்பரிலும் பிப்ரவரியிலும் போய்விடும். சில இடங்களில் பாதிக்கு மேல். அப்புறம் விளையாட்டு. இவை பெரும்பாலும் டிவிஷன் 3 காலேஜ்கள், ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் என்று தனியாகக் கிடையாது. ஆனாலும் அத்தனை டீமுக்கும் ஆள் வேண்டும், கோச் கேட்கிற பிள்ளைக்கு மதிப்பு உண்டு. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் காலேஜ் டீமில் ஆடுகிறவர். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் க்வெஸ்ட்பிரிட்ஜ் என்ற திட்டத்தின் வழியாக வருகிறார்கள். இதெல்லாம் போக மார்ச்சில் மிச்சம் இருக்கிற சீட்டுக்குத்தான் நீயும் அந்த ஆயிரக்கணக்கான பேரும் நின்றீர்கள்.

"என்னைவிட மார்க் கம்மி, அவளுக்குக் கிடைச்சிருக்கே" என்று புலம்பாதே. அந்த வருஷம் அவர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓபோ வாசிக்க ஆள் தேவைப்பட்டிருக்கலாம், கிளாசிக்ஸ் துறையில் பிள்ளைகள் குறைந்திருக்கலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று உனக்கும் தெரியாது, சீட் கிடைத்த அவளுக்கும் தெரியாது.

2. நியூ ஜெர்சி அத்தை பையனோடு ஒப்பிடவே கூடாது.

இதை அம்மா அப்பாவுக்கும் படித்துக் காட்டு. அவன் அமெரிக்கக் குடிமகன். அவன் எவ்வளவு உதவித்தொகை கேட்டான் என்பதைப் பார்க்காமலேயே போமோனாவும் ஸ்வார்த்மோரும் முடிவு எடுக்கும். நீ மதுரையிலிருந்து அப்ளை பண்ணினவள். உன் விண்ணப்பத்தை எடுத்தால், "இந்தப் பெண்ணுக்கு நாலு வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்" என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பணத்தைப் பார்க்காமல் சீட் கொடுக்கிற காலேஜ்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆம்ஹெர்ஸ்ட் அப்படி ஒன்று, 2022-ல் போடினும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே ஒரே மார்க், ஒரே மாதிரி கட்டுரை, ஒரே காலேஜ் என்றாலும் இரண்டும் வேறு வேறு வரிசை. அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

3. புள்ளிவிவரம் பார்த்தே தீருவேன் என்றால் காலேஜ் வெளியிடுவதைப் பார்.

ஒவ்வொரு காலேஜ் பெயரோடும் 'காமன் டேட்டா செட்' என்று போட்டுத் தேடு. கேள்விகள் எல்லாக் காலேஜுக்கும் ஒன்றுதான், அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சி பிரிவு அட்மிஷன், ஹெச் பிரிவு உதவித்தொகை. ஹெச்-6 என்ற கேள்வியில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும். அந்த ஒரு வரி உன் எக்செல் ஷீட் முழுவதையும்விட மேல்.

எஸ்.ஏ.டி. சராசரியைப் பார்த்து மட்டும் மிரளாதே. டெஸ்ட் மார்க் கட்டாயமில்லாத காலேஜில் நல்ல மார்க் எடுத்தவர்கள்தான் அனுப்புவார்கள், சராசரி தானாக ஏறிவிடும். போடின் 1969-லேயே இதைக் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்ட காலேஜ்.

4. உதவித்தொகைக் கடிதத்தின் மொத்தத் தொகையில் ஏமாறாதே.

நான் பார்த்த தப்புகளில் பெரிய தப்பு இதுதான். நிதானமாகக் கேள். கடிதத்தில் 'மொத்த உதவி' என்று தடித்த எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதற்குள் மூன்று வேறு வேறு பணம் கலந்திருக்கும்:

• கிராண்ட் அல்லது ஸ்காலர்ஷிப்: திருப்பித் தர வேண்டாம்.
• வளாக வேலை: நீ நூலகத்திலோ மெஸ்ஸிலோ வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய பணம். சேரும்போது கையில் இருக்காது.
• கடன்: அது உதவியே இல்லை. நீதான் கட்டப் போகிறாய்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். முதல் காலேஜில் வருஷச் செலவு 90,000 டாலர். கிராண்ட் 66,000, வளாக வேலை 3,000, கடன் 5,000. கடிதத்தில் மொத்த உதவி 74,000 என்று இருக்கும். இரண்டாவது காலேஜில் செலவு 86,000. கிராண்ட் 68,000, வேலை 2,500. மொத்த உதவி 70,500. வீட்டில் எல்லோரும் முதல் கடிதத்தைப் பார்த்துத்தான் குதிப்பார்கள். செலவிலிருந்து கிராண்டை மட்டும் கழித்துப் பார். முதல் காலேஜுக்கு வருஷம் 24,000 உங்கள் தலையில், இரண்டாவதற்கு 18,000. நாலு வருஷத்தில் 24,000 டாலர் வித்தியாசம்.

வில்லியம்ஸ் 2022-லிருந்து கடனும் வளாக வேலையும் இல்லாமல் முழுக்க கிராண்டாகவே கொடுக்கிறது. அந்தக் கடிதத்தை மற்றதோடு வைத்துப் பார்க்கும்போது இதை மறக்காதே.

கடிதத்தில் வராத செலவையும் ஒரு தாளில் எழுது. மருத்துவக் காப்பீடு சேர்த்தியா? விமான டிக்கெட் சேர்த்தியா? மினசோட்டா கார்ல்டனுக்கும் மெய்ன் மாநிலத்து போடினுக்கும் குளிர்கோட்டும் பூட்ஸும் இல்லாமல் போக முடியாது. குளிர்கால விடுமுறையில் ஹாஸ்டல் திறந்திருக்குமா, மெஸ் உண்டா என்று ஒரு மெயில் போட்டுக் கேள். யாரும் கேட்பதில்லை, டிசம்பரில் போய் முழிக்கிறார்கள்.

5. கிராண்ட் நிறைய வந்தால் வரியைப் பற்றி இப்போதே கேள்.

எஃப்-1 விசாவில் படிக்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகம் போன்றவற்றைத் தாண்டி, தங்கவும் சாப்பிடவும் கிராண்ட் கிடைத்தால் அந்தப் பகுதிக்கு அமெரிக்க அரசின் வரி உண்டு. வழக்கமாக 14 சதவீதம் பிடிப்பார்கள். 20,000 டாலர் அப்படி வந்தால் 2,800 டாலர். இந்தியாவிலிருந்து போகிற மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் சலுகை இருக்கிறது, வருஷம் முடிந்து ரிட்டர்ன் போடும்போது அதைக் கேட்கலாம். இதை எப்படிக் கையாளுவீர்கள் என்று காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

6. பணம் கட்டுப்படியாகிறது என்றால், அடுத்து பாடத்தை ஒப்பிடு.

ரேங்க் பட்டியலைத் தள்ளி வை. நாலாவது இடத்துக்கும் ஒன்பதாவது இடத்துக்கும் உன் வாழ்க்கையில் ஒரு வித்தியாசமும் வராது. அந்தந்தக் காலேஜின் இந்த செமஸ்டர் பாடப் பட்டியலைத் திற. துறையின் பொதுப் பக்கத்தில் எல்லாப் பாடமும் இருக்கும், நடத்துவது அதில் பாதிதான் இருக்கும். உனக்குப் பிடித்த துறையில் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று எண்ணிப் பார்.

பொறியியல் ஆசை இருந்தால் ஸ்வார்த்மோர், ஸ்மித், ஹார்வி மட் மூன்றிலும் உண்டு. வில்லியம்ஸில் கிடையாது. கட்டாயப் பாடம் பிடிக்காதென்றால் ஆம்ஹெர்ஸ்டும் கிரினெல்லும் முதல் வருஷத்து ஒரு பாடம் தவிர எதையும் திணிப்பதில்லை. வில்லியம்ஸ் டுடோரியலில் ஒரு பேராசிரியருக்கு இரண்டே மாணவர்கள், வாராவாரம் ஒருவர் எழுதியதை மற்றவர் அலசுவார். கூச்சப்பட்டு ஒளிந்துகொள்ள இடமே இல்லை, அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலேஜ் சின்னதாக இருக்கிறதே என்ற பயம் இருந்தால் பக்கத்துக் காலேஜ்களைப் பார். கிளேர்மாண்டில் ஐந்து காலேஜ்கள் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன, ஒன்றில் சேர்ந்து மற்றதிலும் பாடம் எடுக்கலாம்.

அங்கே படிக்கிற ஒரு மாணவரிடம் ஒரே கேள்வி கேள்: "நீங்க கேட்ட பாடத்துல இடம் கிடைக்காம போனது எத்தனை தடவை?" கம்ப்யூட்டர் சயின்ஸ், எகனாமிக்ஸ் என்றால் கட்டாயம் கேள்.

7. "வில்லியம்ஸா? கேள்விப்பட்டதே இல்லையே" என்கிற உறவுக்காரர்களுக்கு விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்காதே. அம்மா அப்பாவுக்கு மட்டும் உட்கார வைத்துச் சொல். அவர்களுக்குப் புரிந்தால் போதும்.

8. வெயிட்லிஸ்டை நம்பிக் காத்திருக்காதே.

காமன் டேட்டா செட்டில் சி-2 கேள்வியைப் பார். எத்தனை பேரை வெயிட்லிஸ்டில் வைத்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் என்று இருக்கும். சில வருஷம் ஒருவரைக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வேண்டும் என்றால் அவர்கள் படிவத்தில் சம்மதம் கொடு, கூடவே இடம் வந்தால் சேருவேன் என்று ஒரு பக்கத்துக்குள் ஒரே ஒரு கடிதம் எழுது. அப்ளை பண்ணினதற்குப் பிறகு நீ செய்த புதிய விஷயத்தை மட்டும் சொல். வாரத்துக்கு ஒரு மெயில் போட்டு நச்சரிக்காதே. கையில் இருக்கிற காலேஜுக்கு மே 1-க்குள் பணம் கட்டிவிட்டுத்தான் இது எல்லாம்.

9. ஒரே இடத்தில்தான் டெபாசிட் கட்ட வேண்டும். பாதுகாப்புக்கு என்று இரண்டு இடத்தில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தால் இரண்டு சீட்டும் போய்விடலாம். சேராத காலேஜ்களுக்கு அன்றைக்கே 'வரவில்லை' என்று பதில் சொல்லிவிடு, அந்த இடத்துக்கு வெயிட்லிஸ்டில் ஒரு பிள்ளை நகங்கடித்துக்கொண்டு காத்திருக்கிறது.

10. சீட் கிடைத்துவிட்டது என்று பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விடாதே. இறுதி மார்க்கை உன் பள்ளி அங்கே அனுப்பியாக வேண்டும், ரொம்ப விழுந்திருந்தால் விளக்கம் கேட்பார்கள், மோசமானால் சீட்டையே திரும்பப் பெறுவார்கள். டெபாசிட் கட்டின மறுநாளே, விசாவுக்காகக் காலேஜ் தருகிற ஐ-20 படிவத்துக்குத் தேவையான பேங்க் பேப்பர்களை அப்பாவைத் தயார் பண்ணச் சொல். விசா தேதி கோடையில் கிடைப்பது பெரும் பாடு. ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடு.