உயரமானி பொய் சொன்னால்?

ஒரு விமானம் 1950 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. அதன் உயரமானி ஒன்றோ 'மைனஸ் 8 அடி' என்று காட்டுகிறது. அதாவது விமானம் பூமிக்குள்ளே இருக்கிறதாம்! நமக்குச் சிரிப்பு வருகிறது. இயந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியாதே.

2009 பிப்ரவரி 25 அன்று நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் இறங்க வந்த துருக்கி நாட்டுப் போயிங் 737 விமானத்தில் நடந்தது இது.

ரேடியோ உயரமானி, தரைக்கு ரேடியோ அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்ப ஆகும் நேரத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. அந்த விமானத்தில் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு உண்டு. பழுதானது இடப்புறத்தது. விமானத்தின் போக்கைச் செலுத்திய 'ஆட்டோ பைலட்' வலப்புறக் கருவியை நம்பியது. எஞ்சின் விசையைக் கவனிக்கும் 'ஆட்டோ திராட்டில்' இடப்புறக் கருவியை நம்பியது. விபரீதம் இங்கேதான் தொடங்கிற்று.

தரைக்கு 27 அடி உயரத்துக்குள் வந்ததும் எஞ்சின் விசையைக் குறைக்க வேண்டும் என்பது ஆட்டோ திராட்டிலுக்கு இடப்பட்ட கட்டளை. மைனஸ் 8 என்றதும் அது விசையை அடியோடு குறைத்துவிட்டது. அப்போது விமானம் இறங்குசரிவுக்குச் சற்று மேலே இருந்தது. கீழிறங்கவும் வேகம் குறையவும் வேண்டியிருந்தது. ஆகவே விசை குறைந்தது விமானிகளுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். அறையில் மூன்று விமானிகள் இருந்தும், பிறகு வேகம் விழுந்துகொண்டே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வேகம் குறைந்தால் இறக்கைகள் தரும் தூக்குவிசையும் குறையும் அல்லவா? அதை ஈடுகட்ட ஆட்டோ பைலட் விமானத்தின் மூக்கை மேலும் மேலும் உயர்த்தியது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டெனச் சரியும். இருக்க வேண்டிய வேகம் 144 நாட், அதாவது மணிக்கு சுமார் 267 கிலோமீட்டர். அது 83 நாட் வரை இறங்கியது.

சுமார் 460 அடி உயரத்தில் கட்டுப்பாட்டுத் தண்டு குலுங்கி எச்சரித்தது. துணை விமானி விசைநெம்புகோல்களை முன்னே தள்ளினார். உடனே தலைமை விமானி பொறுப்பை ஏற்றார். இந்தக் கைமாறலின்போது, இன்னும் துண்டிக்கப்படாத ஆட்டோ திராட்டில் நெம்புகோல்களைப் பின்னுக்கு இழுத்துவிட்டது! முழு விசை கொடுக்கப்படுவதற்குள் 9 விநாடிகள் போயின. ஓய்ந்திருந்த ஜெட் எஞ்சின் முழு வேகம் பெறவும் சில விநாடிகள் வேண்டும். ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் முன்பே விமானம் வயலில் விழுந்தது. 135 பேரில் 9 பேர் இறந்தனர். மூன்று விமானிகளும் அவர்களில் அடங்குவர்.

இப்படிப்பட்ட வேளையில் எந்தக் கருவி பழுது என்று ஆராய நேரமில்லை. விமானி தானியங்கியைத் துண்டித்து, வேகமானியைப் பார்த்து, தம் கையாலேயே விசை கொடுக்க வேண்டும். மேகங்களினூடே இறங்கும்போது 1000 அடி உயரத்துக்குள் வேகமும் சரிவும் சீராகவில்லையா? இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறி, மறுபடி சுற்றி வர வேண்டும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. எரிபொருள்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

போயிங் விமானங்களில் ஆட்டோ திராட்டில் இயங்கும்போது நெம்புகோல்களும் கூடவே நகரும். ஆகவே இறங்கும் வேளையில் விமானியின் ஒரு கை அவற்றின் மேலேயே இருக்கும். கண் தவறவிடுவதைக் கை உணர்ந்துவிடலாம்.