இளையராஜாவின் இலத்திரனியல் இசை: எந்த இசைத்தொகுப்பிலிருந்து தொடங்குவது?

தந்தியின் இழுவையையோ தோலின் அதிர்வையோ குழலுக்குள் ஓடும் காற்றையோ நம்பியிராமல், மின்னோட்டத்தின் அலைவிலிருந்தே ஒலியை உண்டாக்கும் விசைப்பலகைக் கருவி சிந்தசைசர் எனப்படும். இக்கருவியை நடுநாயகமாக வைத்து எழுந்த மெல்லிசை வகையே சிந்த்-பொப். ஜேர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1974இல் வெளியிட்ட ‘ஓட்டோபான்’ இதற்கு முன்னோடியாக அமைய, இங்கிலாந்தின் ஹியூமன் லீக், டெபெஷ் மோட் முதலிய குழுக்கள் 1981 அளவில் இதனைப் பெருந்திரளான கேட்போரிடம் கொண்டு சேர்த்தன. தமிழர் செவிகளை இவ்வகை ஒலி எட்டியது பெரும்பாலும் குழுக்களின் வழியாக அன்று, திரைப்படப் பாடல்களின் வழியாகவே. அவற்றுள்ளும் இளையராஜா 1986க்கும் 1990க்கும் இடையில் அமைத்த சில இசைத்தொகுப்புகளே இன்றும் இத்துறையின் அடிப்படையாக நிற்கின்றன. அவற்றுள் எதனை முதலில் கேட்பது என்பது, குறிப்பாகப் பதுளை மாவட்டத்தின் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய நகரங்களிலும் வாழும் கேட்போருக்கு, தோற்றத்தைவிடச் சிக்கலான கேள்வியாகும்.

இப்பாடல்கள் அங்கு எவருக்கும் புதியவை அல்ல என்பதே சிக்கலின் வேர். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையும், பிற்காலத்தில் தனியார் பண்பலை வானொலிகளும், பசறைக்கும் லுணுகலைக்கும் ஓடும் பேருந்துகளும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளும் இவற்றை உதிரிப் பாடல்களாகப் பல ஆண்டுகள் ஒலித்து வந்திருப்பதால், ஒரு படத்தின் பாடல்கள் அனைத்தையும் ஒரே அமர்வில், அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவு புலப்படும் வகையில் கேட்கும் பழக்கம் வேரூன்றவில்லை. இதைவிட ஆழமான இழப்பு ஒன்றும் உண்டு. மின்சாரம் எட்டாதிருந்த, லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் பேற்றரியால் இயங்கிய சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி, உள்ளங்கை அளவேயான தன் தகட்டைக் கொண்டு தாழ்ந்த சுரங்களை அதிரச் செய்யும் ஆற்றல் அற்றது; ஆகவே குரலும் புல்லாங்குழலும் வயலினும் துலக்கமாக வந்து சேர, பாடலின் அடியில் ஓடிய பேஸ் எனப்படும் தாழ்சுர வரிசை ஏறத்தாழ முழுமையாக மறைந்துபோயிற்று. இளையராஜாவின் இசையில் சிந்தசைசர் தன் முழு வலிமையோடு வேலை செய்த இடங்களுள் அந்தத் தாழ்சுர வரிசையும் ஒன்று என்பதை எண்ணும்போது, ஒரு தலைமுறை இப்பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்தும் அவற்றின் பாதியைக் கேளாமலே இருந்திருக்கிறது என்று கூறுவது மிகையாகாது. எனவே இங்குத் தொடங்குதல் என்பது அறிமுகம் அன்று. அறிந்ததை மறுபடியும், இம்முறை முழுமையாகக் கேட்பதாகும்.

பதுளை அடங்கிய ஊவாவின் மலைகளுக்கும் மின்னிசைக்கும் தொடர்பே இல்லை என்று கருதுவதும் பொருந்தாது. மின்கிற்றாரைச் சிங்கள மெல்லிசையின் நடுவே கொண்டுவந்து 1960களில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவின் வழியாக அதன் போக்கையே மாற்றிய கிளாரன்ஸ் விஜேவர்தன அப்புத்தளையில் பிறந்தவர். தமிழ்த் தரப்பிலோ, தோட்டங்களின் தப்புப் பறையும், காமன் கூத்தின் பாட்டும், பொன்னர் சங்கர் கதைப்பாடலும் பழக்கிய செவி, தேனிப் பகுதியின் பண்ணைப்புரத்தில் பிறந்து நாட்டுப்புற மெட்டுகளோடு வளர்ந்த இளையராஜாவின் இசையை அயலாக உணர்வதில்லை. மலையகத் தமிழரின் முன்னோர் பலர் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஆதலின், இந்த இசைக்கும் தோட்டத்துப் பாட்டுக்கும் பொதுவான அடிநிலம் ஒன்று உண்டு. அந்த அடிநிலத்தின்மீது இயந்திரம் எவ்வாறு வந்து அமர்ந்தது என்பதைத் தெளிவாகக் காட்டும் தொகுப்பே முதலில் கேட்கத் தக்கது என்பது இவ்வழிகாட்டியின் நிலைப்பாடு.

இதற்கு மாறாகப் பலரும் பரிந்துரைப்பது கால வரிசை. ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்காகப் பேசப்படும் ‘பிரியா’ (1978) படத்திலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு முன்னேறும் அம்முறை ஆய்வாளருக்கு ஏற்றதே. ஆனால் அந்தத் தொடக்க ஆண்டுகளில் மின்விசைப்பலகை பெரிய வாத்தியக் குழுவின் ஓரத்தில் நிறம் சேர்க்கும் துணைக்கருவியாகவே பெரிதும் இருந்தமையால், சிந்தசைசரைத் தேடி வருபவர் அதனைக் காணுமுன்பே களைத்துப்போக நேரும். யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரும், வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் ‘மிடி’ என்ற பொது நெறியும் 1983இல் வந்த பின்னரே இந்த இயந்திரங்கள் உலகெங்கும் திரையிசைக் கூடங்களுக்குள் பெருமளவில் புகுந்தன. ஆகவே தேர்வு உண்மையில் 1986ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறது.

அவ்வாண்டு வெளிவந்த இரு கமல்ஹாசன் படங்கள் இத்தேர்வில் முதலிடத்துக்குப் போட்டியிடுகின்றன. எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் உருவான ‘விக்ரம்’ ஏவுகணைக் களவைப் பொருளாகக் கொண்ட படம். கமல்ஹாசனே பாடிய அதன் தலைப்புப் பாடல், இயந்திர ஒலியை மறைக்காமல் முன்னிறுத்துவதால், மேற்கின் சிந்த்-பொப் குழுக்களை ஏற்கெனவே விரும்பிக் கேட்பவருக்கு உடனே வசப்படும். ஆயினும் அத்தொகுப்பு முழுவதும் அதே தன்மையில் நிற்பதில்லை. அதன் காதற் பாடல்கள் வேறு மனநிலையில் இயங்குகின்றன. ஒரு பாடலுக்காக நெஞ்சில் நிற்கும் தொகுப்பு என்பதே அதன் பெருமையும் எல்லையும்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த, கே. பாலசந்தர் இயக்கிய ‘புன்னகை மன்னன்’ மிக விரிவாகப் பேசப்பட வேண்டியது. கணினியின் துணையோடு அமைக்கப்பட்ட இசை என்று தமிழ்த் திரையிசை வரலாற்றில் தொடர்ந்து சுட்டப்படும் தொகுப்பு இதுவே, பிற்காலத்தில் ஏ. ஆர். ரகுமான் என அறியப்பட்ட திலீப்குமார், இளைஞராக இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்த காலமும் அதுவே. இங்குப் பயன்பட்ட முறையை விளங்கிக்கொள்ளச் சீக்குவென்சர் என்ற சொல்லை அறிதல் வேண்டும்: எந்தச் சுரம் எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பதிந்து வைத்து, வாசிப்பவரின் கையின்றித் தானே இயக்கும் ஏற்பாடு அது. தப்பு அடிப்பவரின் கையில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியிலிருந்து மயிரிழை அளவு வேறுபடும்; கூட்டம் சூடேறும்போது நடை தன்னையறியாமல் விரையும். சீக்குவென்சரில் நூறாவது அடியும் முதல் அடியை அப்படியே ஒத்திருக்கும். தப்பிசை பழகிய செவி இந்த வேறுபாட்டை வேறு எவருடைய செவியையும்விட விரைவாகப் பிடித்துவிடும் என்பதால், நடனத்துக்கென எழுதப்பட்ட இப்படத்தின் கருவியிசை ஊவாவின் கேட்போருக்குத் தனி அனுபவமாக அமையும்: மாறாத இயந்திரத் தாளத்தின்மேல் மாறிக்கொண்டே செல்லும் சுர அடுக்குகளை இளையராஜா ஏன் வைத்தார் என்பது விளக்கமின்றியே புரிந்துவிடும்.

இப்படத்தை இலங்கையில் கேட்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ரேவதி ஏற்ற மாலினி என்ற பாத்திரம் ஒரு சிங்களப் பெண், எஸ். பி. பாலசுப்பிரமணியமும் சித்ராவும் பாடிய இணைப்பாடல் ஒன்று அவளைச் சிங்களத்துக் குயில் என்றே விளிக்கிறது. 1983 ஜூலையில் பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை ஆகிய இடங்களில் தமிழரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டு மூன்று ஆண்டுகளே கழிந்திருந்த வேளையில், சென்னையிலிருந்து இப்படியொரு காதற் பாடல் வந்து இம்மலைகளில் ஒலித்தது என்ற உண்மையை அப்பாடலின் இனிமையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 

இத்தனை சிறப்பிருந்தும் ‘புன்னகை மன்னன்’ முதலில் கேட்கத் தக்க தொகுப்பு அன்று. முன்னோடி என்ற புகழோடு அதனை அணுகுபவர், இசையைக் கேட்பதை விட்டு, எது கணினி, எது கை என்று பிரித்தறியும் தேடலில் இறங்கிவிடுகிறார். தவிர, புதுக்கருவியின் எல்லாச் சாத்தியங்களையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்த ஆர்வம் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. சில ஒலி நிறங்கள் அந்த ஆண்டோடு பிணைந்து நின்றுவிட்டன. இரண்டாவதாகக் கேட்கும்போது இவை குறைகளாகத் தோன்றாமல் தேடலின் தடங்களாகத் தோன்றும்.

முதலில் கேட்க வேண்டியது மணிரத்னம் இயக்கிய ‘அக்னி நட்சத்திரம்’ (1988). வாலி எழுதிய ஆறு பாடல்களே கொண்ட இத்தொகுப்பில் இயந்திரம் வியப்புப் பொருளாக இருந்த நிலை கடந்து, வயலினைப் போல, மிருதங்கத்தைப் போல, எழுதப்பட்ட சுரக்குறிப்புக்குக் கட்டுப்பட்ட வாத்தியங்களுள் ஒன்றாகிவிட்டது. மேற்கின் சிந்த்-பொப் குழுக்களிலிருந்து இளையராஜா மிகத் தெளிவாக வேறுபடும் இடம் இது. அக்குழுக்களில் இயந்திரமே வாத்தியக் குழு. அதன் எல்லையே இசையின் எல்லை. இளையராஜாவிடமோ வாத்தியக் குழு வெளியேறுவதில்லை. இயந்திரம் அதற்குள் ஓர் ஆசனம் பெறுகிறது.

இதனை உணர்வதற்கு மூன்று பாடல்கள் போதும். சித்ரா பாடிய ‘நின்னுக்கோரி’, மோகன இராகத்தின் புகழ்பெற்ற வர்ணம் ஒன்றின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு வளர்வது. வர்ணம் என்பது கர்நாடக இசை பயில்வோர் குரலையும் விரலையும் பதப்படுத்தக் கற்கும் உருப்படி வகை. மோகனமோ ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களால் ஆன இராகம், நாட்டுப்புற மெட்டுகள் பலவற்றிலும் கேட்கக்கூடியது. பழைமையான அந்த இராகமும் 1988இன் துள்ளலான மின்தாளமும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்பதை இங்குக் கேட்கலாம். யேசுதாசும் எஸ். ஜானகியும் பாடிய ‘தூங்காத விழிகள்’ அமிர்தவர்ஷினி இராகத்தில் அமைந்து, இத்தொகுப்பின் மிக அமைதியான பகுதியாக நிற்கிறது. இயந்திரத்தை எப்போது ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அறிந்தவரின் பாடல் அது. இளையராஜாவே பாடிய ‘ராஜா ராஜாதி’, அதற்கு நேர் எதிராக, தாளமும் தாழ்சுர வரிசையுமே பாடலின் உடலாகி, குரல் அவற்றின்மேல் மிதந்து செல்வது. சிறு வானொலியில் இப்பாடலைக் கேட்டவர் அதன் மேற்பரப்பை மட்டுமே கேட்டவர்.

ஆதலின் கேட்கும் கருவியைப் பற்றியும் ஒரு சொல் தேவை. கைத்தொலைபேசியின் சொந்த ஒலிபெருக்கி பழைய வானொலியின் குறையையே மீண்டும் செய்வதால், விலை குறைந்ததாயினும் காதில் நன்கு பொருந்தும் ஹெட்செட் ஒன்று அதனைவிட மேலானது. ஒரே பாடலை அடுத்தடுத்து மூன்று முறை கேட்டு, முதன்முறை குரலையும், அடுத்தமுறை தாழ்சுர வரிசையையும், இறுதியாகத் தாளத்தையும் மட்டும் பின்தொடர்வது நல்ல பயிற்சி. இணையத்தில் இப்பாடல்கள் பல வடிவங்களில் கிடைக்கின்றன. அவற்றுள் தாழ்சுரத்தைச் செயற்கையாக ஊதிப் பெருக்கியவை, இளையராஜா அமைத்த சமநிலையையே குலைப்பவை ஆதலால் தவிர்க்கத் தக்கவை.

சிறுவர்கள் உள்ள வீட்டில் மட்டும் இவ்வொழுங்கை மாற்றலாம். இளையராஜாவின் ஐந்நூறாவது படமெனக் கூறப்படும் ‘அஞ்சலி’ (1990) குழந்தைக் குரல்களை விளையாட்டுத்தனமான மின்னொலிகளோடு சேர்ப்பதால், பத்து வயதுப் பிள்ளையையும் பெற்றோரையும் ஒரே நேரத்தில் ஈர்க்கும். 1986இலேயே வந்த ‘ஹவ் டு நேம் இட்’ திரைப்படம் சாராத தொகுப்பு. கர்நாடக இசையின் தியாகராஜரையும் மேற்கத்திய இசையின் பாக்கையும் முன்வைத்து வயலின்களுக்கே பெரிதும் எழுதப்பட்ட அதனை ‘புன்னகை மன்னன்’ கேட்ட பின் உடனே கேட்டால், ஒரே ஆண்டில் ஒரே மனம் இயந்திரத்துக்கும் தந்திக்கும் எவ்வாறு வெவ்வேறாகச் சிந்தித்தது என்பது தெரியவரும். இலத்திரனியல் ஒலியைத் தேடுபவர் அதிலிருந்து தொடங்குவது மட்டும் வழி தவறுவதாகும்.

1992இன் ‘ரோஜா’வுக்குப் பின் பிறந்து ரகுமானின் ஒலியிலேயே வளர்ந்தவர்களுக்கு மேற்கூறிய வரிசை அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு இயந்திரம் இயல்பானது. இயந்திரமற்ற பாடலே புதுமை. அவர்கள் ரகுமானின் ‘திருடா திருடா’ (1993) தொகுப்பில் நின்று பின்னோக்கிச் செல்வது சிறப்பு. சாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’ வாத்தியங்களை விலக்கிக் குரல்களாலேயே கட்டப்பட்டது. அதே தொகுப்பின் ‘சந்திரலேகா’ மின்னொலியில் தோய்ந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபின் ‘புன்னகை மன்னன்’ படத்தின் கருவியிசைக்கும், அங்கிருந்து ‘அக்னி நட்சத்திரம்’ தொகுப்புக்கும் வந்தால், ரகுமான் எதைத் தொடர்ந்தார், எதை விட்டுப் பிரிந்தார் என்பது வரலாற்று நூல் எதுவுமின்றிச் செவிக்கே தெளிவாகும்.